வகுப்பறை உரையாடலும் மாணாக்கர் மௌனமும்: தமிழகக் கல்வி மரபு குறித்த ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகக் கல்லூரி வகுப்பறைகளில் மாணாக்கர் வினா எழுப்புவதோ கருத்துரைப்பதோ குறைவு என்பது ஆசிரியரிடையே நிலவும் பொதுவான குறை. இதற்கு மாணாக்கரின் திறனின்மையும் ஆசிரியரை எதிர்த்துப் பேசாத மரபும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவ்விரு விளக்கங்களையும் வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. நன்னூலின் பொதுப்பாயிரம், திண்ணைப் பள்ளி முறை, மடங்களின் பாடமுறை, 1857இல் தோன்றிய பல்கலைக்கழகத் தேர்வுமுறை, சாதி, பாலினத் தடைகள், விடுதலைக்குப் பிந்தைய சீர்திருத்தங்கள் ஆகியவை வரிசையாக நோக்கப்படுகின்றன. வகுப்பறை மௌனம் மாணாக்கரின் இயல்பன்று. நிறுவன அமைப்புகளால் உருவாக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: நன்னூல், பாடங்கேட்டல், திண்ணைப் பள்ளி, சென்னைப் பல்கலைக்கழகம், தேர்வுமுறை, வகுப்பறை உரையாடல், மௌனம்.

முன்னுரை

அறுபது மாணாக்கர் அமர்ந்திருக்கும் இளநிலை வகுப்பொன்றில் ஆசிரியர் பாடத்தை முடித்து, ‘ஐயம் ஏதேனும் உண்டா?’ என்று வினவுகிறார். வகுப்பு அமைதியாக இருக்கிறது. முன்வரிசையில் இருவர் தலையசைக்கின்றனர். மணி ஒலிக்கிறது. தமிழகத்தின் எந்தக் கல்லூரியிலும் காணத்தக்க இக்காட்சிக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகத் தரப்படுகின்றன. ‘இக்காலத்து மாணாக்கர்க்குப் படிப்பில் நாட்டமில்லை, பேசத் தெரியவில்லை’ என்பது ஒன்று. ‘ஆசிரியர் சொல்லைக் கேட்டு அடங்கியிருப்பதே நம் மரபு, உரையாடல் மேலைநாட்டு முறை’ என்பது மற்றொன்று.

இவ்விரு விளக்கங்களும் வெவ்வேறு திசையில் செல்வனபோல் தோன்றினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே மௌனத்துக்குரிய பொறுப்பை வகுப்பறையின் அமைப்பிலிருந்து அகற்றி, ஒன்று மாணாக்கர்மீதும் மற்றொன்று முன்னோர்மீதும் சுமத்துகின்றன. மாணாக்கரின் இயல்பே காரணம் எனின் ஆசிரியர் செய்யக்கூடியது சிறிதே. மரபே காரணம் எனினும் அவ்வாறே. ஆகவே இவ்விளக்கங்கள் வரலாற்றின்முன் நிற்கின்றனவா என்று காண்பது வெறும் பழமை ஆய்வு ஆகாது; இன்றைய கற்பித்தலோடு நேரடியாகத் தொடர்புடையது.

நன்னூல் காட்டும் பாடங்கேட்டல்

தமிழில் கற்றல், கற்பித்தல் பற்றி முறைப்படப் பேசும் பழைய நூற்பகுதிகளுள் முதன்மையானது, 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூலில் அமைந்த பொதுப்பாயிரம். நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை என அது ஐந்தாகப் பகுத்துரைக்கிறது.

அடங்கியிருத்தலே மரபு என்போர்க்கு இப்பகுதியில் சான்று உண்டு. பாடம் கேட்கும் மாணாக்கன் குறித்த காலத்தில் சென்று, ஆசிரியரின் குறிப்பறிந்து, அவர் இருக்கச் சொன்னபின் இருந்து, ஓவியம்போல அசைவற்றுச் செவிகொடுக்கவேண்டும் என்று நன்னூல் கூறுகிறது. ஆயினும் அது அங்கே நின்றுவிடவில்லை. கேட்டபின் செய்யவேண்டியவற்றையும் வரிசைப்படுத்துகிறது. கேட்டதை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் தீர்தல், தகுதியுடைய உடன்மாணாக்கரோடு பயிலுதல், வினவுதல், பிறர் வினவியவற்றுக்கு விடை கூறுதல் ஆகியன மாணாக்கன் கடமைகளாகின்றன.

இதனினும் குறிப்பிடத்தக்கது அந்நூல் தரும் அளவுக் கணக்கு. ஆசிரியர் கூறியதை முழுமையாக உளங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையில் கால்பங்கே. உடன்கற்பாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வந்தடையும். இக்கணக்கின்படி, கற்றலில் முக்கால்பங்கு மாணாக்கன் வாய்திறந்து பேசும்போதே நிகழ்கிறது. செவிமடுக்கும் மௌனம் கற்றலின் தொடக்கமேயன்றி முடிவன்று. மரபைக் காரணங்காட்டுவோர் இவ்வரிசையின் முதற்படியை மட்டும் நினைவில் வைத்து, ஏனைய படிகளை மறந்துவிட்டனர் எனலாம்.

எனினும் நன்னூலை இக்கால உரையாடல் வகுப்பின் முன்மாதிரியாகக் கொள்வதும் பொருந்தாது. பாடம் கற்பிக்கத் தகாதவர் எனச் சோம்பல் உடையோர், செருக்குடையோர் முதலியோருடன், நோயாளரையும் அறிவு மந்தமானவரையும் மாறுபட்டு வாதிடும் இயல்பினரையும் அது விலக்குகிறது. வினவலாம், பிணங்கலாகாது என்பதே அதன் எல்லை. உடன்பயிலும் கூட்டம் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு கூட்டம் என்பதை மறத்தல் கூடாது.

திண்ணைப் பள்ளி: ஒலி மிகுதியும் உரையாடல் குறைவும்

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் தமிழகத்தில் பரவலாக இருந்தவை திண்ணைப் பள்ளிகள். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு மாவட்ட ஆட்சியர் வழியாகத் திரட்டிய விவரங்களின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆயிரவர்க்கு ஒரு பள்ளி என்று மன்றோ 1826இல் எழுதிய குறிப்பில் மதிப்பிட்டார். அவ்விவரங்கள் சாதிவாரியாகவும் பாலினவாரியாகவும் தொகுக்கப்பட்டவை. பெண்குழந்தைகளின் எண்ணிக்கை அவற்றில் மிகச் சிறிதாகவே காணப்படுகிறது.

இப்பள்ளிகள் மௌனமானவை அல்ல. மணலில் எழுதிக்கொண்டே உரக்க ஒலித்தல், நெட்டுருச் செய்தல், எண்சுவடி வாய்பாடுகளைக் கூட்டமாகச் சொல்லுதல் என வகுப்பு ஓயாத ஒலியுடன் நடந்தது. மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ஒப்பித்தலையும் கேட்டான். சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் 1789 முதல் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது ‘சென்னை முறை’ என்னும் பெயருடன் இங்கிலாந்தில் பரவியது.

பிறர்க்கு உரைப்பதால் கற்றல் நிறைவுறும் என்ற நன்னூற் கருத்தின் ஒரு சாயலைச் சட்டாம்பிள்ளை முறையில் காணலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. திண்ணைப் பள்ளியில் மாணாக்கன் பேசினான். ஆனால் அவன் பேசியது அவனுடைய கருத்தன்று. மனப்பாடத்தின் பிழையின்மையே அங்கு அளக்கப்பட்டது. பிழைக்குப் பிரம்படி கிடைத்தது. ஆகவே வகுப்பறை ஒலியும் வகுப்பறை உரையாடலும் ஒன்றல்ல என்னும் வேறுபாட்டை இவ்விடத்தில் வரையறுத்துக்கொள்வது தேவையாகின்றது. மேற்கூறிய ‘மரபு’ என்னும் சொல், இவ்விரண்டையும் பிரித்துக்காணாமையால் விளைந்த குழப்பமே ஆகும்.

மடமும் கல்லூரியும்: ஒரு வினாவின் விளைவு

உயர்நிலைத் தமிழ்க்கல்வி 19ஆம் நூற்றாண்டில் மடங்களிலும் தனிப்புலவர் இல்லங்களிலும் நடைபெற்றது. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர், அம்முறையை ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். ஒரே காலத்தில் தாம் கேட்பவராகவும் மடத்துத் தம்பிரான்களுக்கும் பிறர்க்கும் பாடம் சொல்பவராகவும் அவர் இருந்தார். நன்னூல் கூறும் மூன்று பங்குகளும் ஒருங்கே நிறைவேறிய சூழல் அது.

1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தியாகராச செட்டியாரின் இடத்தில் சாமிநாதையர் தமிழாசிரியராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் அந்நகரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைச் சாமிநாதையர் கூறியபோது, அவற்றால் பயன் என்ன என்ற பொருளில் வினவிய முதலியார், சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். பின்னர் அந்நூலை அவரிடமே பாடம் கேட்கவும் தொடங்கினார். விடை தெரியாத இடங்கள் பாடத்தினிடையே தோன்றின. அவற்றைத் தீர்க்கச் சாமிநாதையர் கும்பகோணத்துச் சைனரிடம் சென்று ஐயம் கேட்டார். 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. தொடர்ந்து வந்த பதிப்புகள் தமிழிலக்கிய வரலாற்றின் எல்லையையே மாற்றின.

இந்நிகழ்ச்சி பதிப்பு வரலாற்றில் பலமுறை பேசப்பட்டது. கற்பித்தல் நோக்கில் அதன் பொருள் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. பாடம் கேட்பவர் ஆசிரியரின் அறிவெல்லையை நோக்கி வினா எழுப்பினார். ஆசிரியர் தமக்குத் தெரியாது என்பதை ஏற்றார். இருவரும் சேர்ந்து தேடினர். உரையாடல் அறிவை உருவாக்கும் முறைக்கு இதனினும் தெளிவான சான்று தமிழில் அரிது. அதே வேளையில் இவ்வுரையாடல் கல்லூரி வகுப்பறைக்குள் நிகழவில்லை என்பதும் நோக்கத்தக்கது. வினவியவர் பதவியும் நிலையும் உடையவர். தேர்வு எழுத வேண்டிய மாணாக்கர் அல்லர். தெரியாத இடத்தில் நின்று ஆராய்வதற்கு அவ்விருவர்க்கும் நேரம் இருந்தது.

தேர்வை மையமாகக் கொண்ட பல்கலைக்கழகம்

1854ஆம் ஆண்டு உட் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இவற்றுக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது அக்கால இலண்டன் பல்கலைக்கழகம். ஆசிரியரும் மாணாக்கரும் சிறு குழுக்களாகக் கூடிப் பயிலும் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு முறைகள் இங்கு வரவில்லை. பாடத்திட்டம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் பணி. கற்பித்தல் இணைவுபெற்ற கல்லூரிகளின் பணி என்று பிரிக்கப்பட்டது.

இப்பிரிவினையின் விளைவு வகுப்பறையில் ஆழமாகப் பதிந்தது. கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் மற்றொருவர். வகுப்பில் எழும் நல்ல வினாவுக்கு விடைத்தாளில் இடமில்லை. வினாத்தாளை எதிர்நோக்கிய ஆசிரியர் குறிப்புகளைச் சொல்ல, மாணாக்கர் எழுதிக்கொள்ளும் முறை வளர்ந்தது. பாடமொழி ஆங்கிலமாக இருந்தமையால், பொருளறிந்த மாணாக்கனுக்கும் அதனை வாயால் சொல்வது இரட்டைச் சுமையாயிற்று. பொருளில் பிழை நேருமோ என்ற அச்சத்துடன் மொழியில் பிழை நேருமோ என்ற அச்சமும் சேர்ந்தது. எழுத்துத் தேர்வில் மனப்பாடம் இவ்வச்சத்தை மறைக்க உதவியது. வாய்மொழி உரையாடலில் அதனை மறைக்க வழியில்லை.

1917இல் அமைக்கப்பட்டு 1919இல் அறிக்கை அளித்த சாட்லர் ஆணையம், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை ஆராய்வதற்கென ஏற்படுத்தப்பட்டதாயினும், தேர்வின் மேலாதிக்கம், குறிப்பு வழங்கும் விரிவுரை ஆகியன பற்றிய அதன் திறனாய்வு பிற மாகாணங்களுக்கும் பொருந்தியது. ஆகவே கல்லூரி மாணாக்கர் பேசாமை பற்றிய கவலை நூறாண்டுப் பழைமை உடையது. ‘இக்காலத்து மாணாக்கர்’ என்னும் குற்றச்சாட்டு இதனால் வலுவிழக்கிறது.

யாருக்குப் பேச முடிந்தது?

மேற்கூறிய தடைகள் மாணாக்கர் அனைவர்க்கும் பொதுவானவை. அவற்றின்மேல் சிலர்க்கு மட்டும் உரிய தடைகளும் இருந்தன.

இரட்டைமலை சீனிவாசன் (மறைவு 1945) 1939இல் வெளிவந்த தம் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில், கோயம்புத்தூரில் கலாசாலை மாணாக்கராக இருந்த காலத்தை நினைவுகூர்கிறார். அங்குப் பயின்ற ஏறத்தாழ 400 மாணாக்கருள் பத்துப்பேர் நீங்கலாக மற்றையோர் பிராமணர். உடன்பயில்வோரோடு பழகினால் தம் சாதி, ஊர், குடும்பம் ஆகியன வெளிப்பட்டு இழிவுக்கு ஆளாக நேரும் என்று அஞ்சிய அவர், வெளியே எங்கேனும் தனியே அமர்ந்து படித்துவிட்டு, மணி அடித்தபின் வகுப்புக்குள் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தார். உடன்கற்பாரோடு பயில்வதால் வரும் கால்பங்கு அவருக்கு மறுக்கப்பட்டது. அங்கே மௌனம் அறியாமையின் அடையாளமன்று, தற்காப்பு.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்த முத்துலட்சுமி, பெண் என்பதால் எதிர்ப்பைச் சந்தித்தார். மன்னரின் இசைவால் இடம்பெற்றபோதும், ஆண் மாணாக்கர் கண்ணில் படாதவாறு திரைமறைவில் அமர்ந்து பாடம் கேட்க நேர்ந்தது. அவர்க்குச் செவிமடுக்கும் உரிமை கிடைத்தது. முகங்கொடுத்துப் பேசும் இடம் கிடைக்கவில்லை.

இவ்விருவரின் பிற்கால வாழ்க்கை இங்கு நினைக்கத்தக்கது. 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற சீனிவாசன், பொதுவழிகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1930இல் தொடங்கிய வட்டமேசை மாநாட்டிலும் பங்கேற்றார். முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் பொறுப்பேற்றார். கலாசாலையில் ஒதுங்கியும் மறைந்தும் இருக்க நேர்ந்தவர்கள் சட்டமன்றத்தில் பேசினர். அவர்களிடம் குறையாக இருந்தது பேச்சாற்றல் அன்று. பேசினால் என்ன நேரும் என்ற உறுதிப்பாடே வகுப்பறையில் அவர்களுக்கு இல்லாதிருந்தது.

வகுப்புக்கு வெளியே வளர்ந்த பேச்சு

வகுப்பறை மௌனமாக இருந்த அதே காலத்தில் தமிழகக் கல்லூரிகளின் மன்றங்கள் பேச்சால் நிறைந்தன. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்ற சி.என். அண்ணாதுரை, 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இரா. நெடுஞ்செழியன், க. அன்பழகன் ஆகியோர் மேடைத்தமிழின் போக்கையே மாற்றியவர்கள். மாணாக்கர் மன்றம், தமிழ் மன்றம், சொற்போர், பட்டிமன்றம் என்னும் வடிவங்கள் ஒரு தலைமுறையின் அரசியல் பயிற்சிக்கூடங்களாயின. தமிழ் மாணாக்கர் பேசமாட்டார் என்னும் கூற்றை இவ்வரலாறு ஒன்றே மறுக்கப் போதுமானது.

ஆயினும் மேடைப்பேச்சு வகுப்பறை உரையாடலுக்கு ஈடாகாது. மேடையில் ஏறுவோர் சிலர், கேட்போர் பலர். பேச்சு முன்னரே ஆயத்தம் செய்யப்படுவது, அணி ஒன்றைச் சார்வது, தீர்ப்பை எதிர்நோக்குவது. வகுப்பறை உரையாடலோ முடிவுறாத எண்ணத்தைத் தயக்கத்துடன் சொல்லிப்பார்க்கவும், பிறர் சொல் கேட்டு மாற்றிக்கொள்ளவும் இடம் தருவது. மேடையில் கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வி. வகுப்பில் அதுவே கற்றல். பேச்சு மன்றத்துக்கும் குறிப்பு வகுப்புக்கும் எனப் பிரிந்த இப்பிரிவினை இன்றளவும் தொடர்கின்றது.

விடுதலைக்குப் பிந்தைய முயற்சிகள்

1948–49ஆம் ஆண்டுகளில் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் செயற்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், விரிவுரையோடு சிறுகுழுப் பயிற்சி வகுப்புகளும் நூலகப் பணியும் எழுத்துப் பயிற்சியும் இணையவேண்டும் என்று பரிந்துரைத்தது. மாணாக்கர் எண்ணிக்கை பெருகிய வேகத்துக்கு ஏற்ப ஆசிரியர் எண்ணிக்கை பெருகாத நிலையில், சிறுகுழு வகுப்பு பெரும்பாலான கல்லூரிகளில் கால அட்டவணைச் சொல்லாகவே நின்றது.

மொழித்தடையை நீக்கும் முயற்சியாக, 1960இல் கோவை அரசினர் கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு தொடங்கப்பட்டது. பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வெளியிட்டது. சிற்றூர்களிலிருந்து வந்த முதல் தலைமுறை மாணாக்கர்க்குப் பட்டப்படிப்பு எட்டும் தொலைவில் வந்தது. ஆனால் தேர்வின் இயல்பு மாறவில்லை. ஆங்கிலக் குறிப்பின் இடத்தில் தமிழ்க் குறிப்பு அமர்ந்தது. தாய்மொழி உரையாடலுக்கு இன்றியமையாதது. ஆயினும் அது மட்டுமே போதாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

1978இல் இலயோலாக் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. கற்பிப்பவரே மதிப்பிடவும் செய்யும் வாய்ப்பு, 1857இன் பிரிவினைக்குப்பின் இளநிலைப் பட்டவகுப்புகளில் ஓரளவேனும் திரும்பியது. அகமதிப்பீடு பின்னர்ப் பிற கல்லூரிகளுக்கும் பரவியது. அதன் ஒரு கூறான வகுப்புக் கருத்தரங்கம் உரையாடலுக்கென உருவான வடிவம். ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் ஒருவர் எழுதிவந்ததைப் படிக்க, மற்றையோர் கைதட்டி முடிக்கும் சடங்காகச் சுருங்கிவிடுகிறது. மதிப்பெண் படித்தவர்க்கு உண்டு, வினவியவர்க்கு இல்லை. திண்ணைப் பள்ளியின் ஒப்பித்தல் இங்கு வேறு பெயரில் தொடர்கின்றது.

வரலாறு தரும் படிப்பினை

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021–22இல் தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை வீதம் 47.0 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. மன்றோ காலப் பட்டியல்களில் இடம்பெறாத குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களின் மௌனத்தைத் திறனின்மை என்று ஆசிரியர் பதிவுசெய்யும்போது, சீனிவாசன் வெளியே காத்திருந்ததற்கான காரணத்தை அறியாமலேயே அவரைப் படிப்பில் நாட்டமற்றவர் என்று பதிவுசெய்வதற்கு ஒப்பாகும்.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முழு வகுப்பின்முன் பேசச் சொல்வதற்குமுன் இருவர் மூவராகப் பேசவிடுதல். நன்னூல் உடன்பயில்வதைக் கற்பித்தலுக்கு முன்வைத்த வரிசை இதுவே. இரண்டாவது, கருத்தரங்கில் கட்டுரை படித்தவர்க்கு நிகராக வினவியவர்க்கும் மதிப்பளித்தல். மூன்றாவது, பேச்சுவழக்கிலும் கலவை மொழியிலும் எழும் முதற்கருத்தை ஏற்று, அதனைச் செம்மைப்படுத்துவதைப் பின்னர் வைத்துக்கொள்ளல். நான்காவது, சாமிநாதையர் செய்ததுபோல், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியர் வகுப்பில் கூறுதல். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

முடிவுரை

வகுப்பறை மௌனத்துக்கு மரபே காரணம் என்னும் விளக்கம், கற்றலில் முக்கால்பங்கை மாணாக்கர் உரைக்கு ஒதுக்கிய நன்னூலால் மறுக்கப்படுகிறது. மாணாக்கரின் திறனின்மையே காரணம் என்னும் விளக்கம், மன்றங்களிலும் சட்டமன்றத்திலும் அவர்கள் பேசிய வரலாற்றால் மறுக்கப்படுகிறது. ஒப்பித்தலை அறிவாக அளந்த பள்ளி, கற்பித்தலையும் மதிப்பிடுதலையும் பிரித்த பல்கலைக்கழகம், அயல்மொழியின் அச்சம், சாதி, பாலின இழிவின் அச்சம் ஆகியன அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவாக்கியதே இம்மௌனம். மனிதர் அமைத்த நிறுவனங்களால் உருவானது, மனிதரால் மாற்றத்தக்கதும் ஆகும். ‘ஐயம் ஏதேனும் உண்டா?’ என்று கேட்டு மணி ஒலிக்கும்வரை காத்திருக்கும் ஆசிரியர், மாணாக்கர் ஏன் பேசவில்லை என்பதோடு, பேசுவதற்கு இவ்வகுப்பில் அவர்க்கு என்ன இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே வினவவேண்டும்.